அசோகரின் கல்வெட்டுகளும் அன்றாட வாழ்வில் கருணையும்

மௌரியப் பேரரசர் அசோகர் (ஆட்சிக்காலம் ஏறத்தாழ கி.மு. 268 – கி.மு. 232) தம் ஆட்சிப் பரப்பின் பல இடங்களில் பாறைகளிலும் தூண்களிலும் அறச் செய்திகளைப் பொறித்து வைத்தார். அரசர் ஒருவர் தம் குடிமக்களை நோக்கிப் பேசிய சொற்களாக இந்திய வரலாற்றில் இன்று படிக்கக் கிடைப்பவற்றுள் இவையே மிகப் பழையவை. போர் வெற்றியும் குலப்பெருமையும் இவற்றில் மிகக் குறைவு. வேலையாட்களை எப்படி நடத்துவது, நோய் வந்தால் என்ன செய்வது, வழிப்போக்கருக்கு நிழல் எங்கே, சிறையில் இருப்பவரின் குடும்பத்தை யார் பார்ப்பது, பிற சமயத்தாரைப் பற்றி எப்படிப் பேசுவது என்பன போன்ற செய்திகளே மிகுதி.

பௌத்தம் போற்றும் மைத்திரி, கருணை ஆகிய பண்புகள் துறவிகளின் தியானத்துக்கு மட்டும் உரியவையா, உழுபவரும் விற்பவரும் ஆள்பவரும் நாள்தோறும் கடைப்பிடிக்கக்கூடியவையா என்ற கேள்விக்கு அசோகரின் கல்வெட்டுகள் ஒரு வரலாற்று விடையைத் தருகின்றன. கருணையை அரசாணையால் உண்டாக்க முடியுமா என்ற கேள்வியும் அவற்றிலேயே எழுகிறது. இக்கட்டுரை இவ்விரு கேள்விகளின் வழியாக அக்கல்வெட்டுகளை அணுகுகிறது.

பின்னணி: பௌத்தத்தில் இல்லற ஒழுக்கம்

பௌத்தம் நான்கு உயர்ந்த மனநிலைகளைக் கூறுகிறது. எல்லா உயிர்களிடத்தும் நட்பு கொள்வது மைத்திரி. துன்புறும் உயிரின் துன்பம் நீங்க விரும்புவது கருணை. பிறர் நலம் கண்டு மகிழ்வது முதிதை. விருப்பு வெறுப்பற்ற நடுநிலை உபேட்சை. இவை நான்கும் தியானத்தில் வளர்க்கப்படுபவை. ஆயினும் பாலி நூல்கள் இவற்றை மனத்தளவில் நிறுத்திவிடுவதில்லை.

விநய பிடகத்தின் மகாவக்கத்தில் ஒரு நிகழ்ச்சி கூறப்பட்டுள்ளது. வயிற்றுப்போக்கால் துன்புற்ற துறவி ஒருவர் தம் கழிவிலேயே கவனிப்பாரின்றிக் கிடந்தார். அங்கு வந்த புத்தர், ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, இருவருமாக அவரைக் கழுவித் தூக்கிப் படுக்கையில் கிடத்தினர். பிற துறவிகளை அழைத்துக் காரணம் கேட்டபோது, அவர் எங்களுக்கு எந்த உதவியும் செய்ததில்லை, அதனால் நாங்களும் அவரைக் கவனிக்கவில்லை என்றனர். வீட்டைத் துறந்து வந்தவர்களுக்குத் தாயும் தந்தையும் அருகில் இல்லை, ஆகவே ஒருவரை ஒருவர் பேணாவிட்டால் வேறு யார் பேணுவார் என்று புத்தர் கேட்டார். தமக்குப் பணிவிடை செய்ய விரும்புவோர் நோயாளிக்குப் பணிவிடை செய்யட்டும் என்றும் கூறினார். அதே பகுதியில், நோயாளியைக் கவனிப்பவருக்கு இருக்க வேண்டிய தகுதிகளும் வகுக்கப்பட்டுள்ளன. மருந்து கலக்கத் தெரிந்திருப்பதும், மலம், சிறுநீர், வாந்தி ஆகியவற்றை அகற்ற அருவருப்புக் கொள்ளாமல் இருப்பதும் அவற்றில் அடங்கும். கருணை என்பது இங்கு செய்து பழக வேண்டிய ஒரு வேலையாகவே பேசப்படுகிறது.

இல்லறத்தாருக்கான ஒழுக்கத்தைத் தீக நிகாயத்தின் 31ஆவது சூத்திரமான சிகாலோவாத சூத்திரம் விளக்குகிறது. இராசகிருகத்தில் சிகாலன் என்ற இளைஞன் காலையில் ஈர ஆடையுடன் ஆறு திசைகளையும் வணங்குவதைப் புத்தர் காண்கிறார். தந்தை இறக்கும்போது சொல்லிச் சென்ற வழக்கம் என்று அவன் கூறுகிறான். அவ்வழக்கத்தை விலக்கச் சொல்லாமல் புத்தர் அதற்குப் புதுப் பொருள் தருகிறார். கிழக்கு பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர், கீழ்த்திசை வேலையாட்கள், மேல்திசை துறவிகளும் அந்தணரும். ஒவ்வொரு திசையிலும் உள்ளவர்க்குச் செய்ய வேண்டிய கடமைகளும், அவர்கள் திருப்பிச் செய்ய வேண்டிய கடமைகளும் பட்டியலாகத் தரப்படுகின்றன.

அவற்றில் வேலையாட்களுக்கான ஐந்து கடமைகள் குறிப்பிடத்தக்கவை. அவரவர் வலிமைக்கேற்ப வேலை தருதல், உணவும் கூலியும் கொடுத்தல், நோயுற்றபோது கவனித்தல், சிறப்பான உணவு கிடைத்தால் பகிர்ந்துகொள்ளுதல், உரிய காலத்தில் ஓய்வு அளித்தல் ஆகியன அவை. அசோகரின் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் அறங்களுள் பல இந்தச் சூத்திரத்தின் கடமைகளோடு நெருக்கமாக ஒத்துப்போகின்றன.

கலிங்கப் போரும் அசோகரின் மாற்றமும்

அசோகர் முடிசூடி எட்டு ஆண்டுகள் ஆனபின் கலிங்கத்தை வென்றார். 13ஆம் பெரும்பாறைக் கல்வெட்டு அப்போரின் இழப்புகளைக் கூறுகிறது. 1,50,000 பேர் நாட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்டனர். 1,00,000 பேர் கொல்லப்பட்டனர். அதைப்போல் பல மடங்கினர் பின்னர் மடிந்தனர். வென்ற அரசர் தம் வெற்றியைத் துயரமாகப் பதிவு செய்தது பழங்கால வரலாற்றில் அரிது. போரில் நேரடியாகத் துன்புறாதவர்களும் தம் நண்பர், உறவினர், வேலையாட்கள் ஆகியோரின் துன்பத்தால் துன்புறுகின்றனர் என்று அக்கல்வெட்டு சுட்டிக்காட்டுகிறது. இழப்பை எண்ணிக்கையோடு நிறுத்தாமல் வீடுகளுக்குள் சென்று பார்க்கும் பார்வை இது.

போர்க்களத்தில் ஒரே நாளில் அசோகர் முற்றிலும் மாறிவிட்டார் என்ற கதை பரவலாக வழங்குகிறது. கல்வெட்டுகள் தரும் சித்திரம் வேறு. முதலில் வெளிவந்த சிறுபாறைக் கல்வெட்டில், தாம் பௌத்த உபாசகராகி இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது என்றும், அதில் முதல் ஓராண்டு பெரிதாக முயற்சி எடுக்கவில்லை என்றும், சங்கத்தை அணுகிய பின்னரே ஊக்கத்துடன் முயன்றதாகவும் அசோகரே ஒப்புக்கொள்கிறார். முயற்சியின் பயன் பெரியவர்களுக்கு மட்டும் உரியதன்று, எளியவர்களும் முயன்றால் அடையலாம் என்றும் அதே கல்வெட்டு சொல்கிறது. நல்லொழுக்கம் பிறவியிலோ பதவியிலோ வருவதன்று, மெல்ல மெல்லப் பழகி வருவது என்ற கருத்தை அரசர் தம்மையே சான்றாக வைத்துக் கூறுகிறார்.

இராசத்தானின் பைராட்டில் கிடைத்து இப்போது கொல்கத்தா ஆசியக் கழகத்தில் உள்ள கல்வெட்டில், துறவிகளும் இல்லறத்தாரும் அடிக்கடி கேட்டுச் சிந்திக்க வேண்டிய ஏழு பௌத்த உரைகளை அசோகர் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். அவற்றுள் ஒன்று, பொய் பேசுவது குறித்து இராகுலனுக்குப் புத்தர் கூறிய அறிவுரை. உடலாலோ சொல்லாலோ மனத்தாலோ ஒன்றைச் செய்வதற்கு முன்னும், செய்யும்போதும், செய்த பின்னும், இது எனக்கோ பிறருக்கோ இருவருக்குமோ துன்பம் தருமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். 3ஆம் தூண் கல்வெட்டில் இதன் எதிரொலியைக் காணலாம். மனிதர் தாம் செய்த நன்மையையே காண்கின்றனர், தாம் செய்த தீமையைக் காண்பதில்லை; இந்தத் தற்சோதனை கடினமானது; ஆயினும் கடுமை, கொடுமை, சினம், செருக்கு, பொறாமை ஆகியவை அழிவுக்கு இட்டுச்செல்லும் என்று உணர வேண்டும் என அது வலியுறுத்துகிறது.

கல்வெட்டுகள் காட்டும் அன்றாட அறம்

தாம் பரப்ப விரும்பிய நெறியை அசோகர் தம்மம் என்று குறிப்பிடுகிறார். 2ஆம் தூண் கல்வெட்டு அதன் கூறுகளைச் சுருக்கமாகத் தருகிறது: தீமை குறைவாகவும் நன்மை மிகுதியாகவும் இருத்தல், தயை, ஈகை, உண்மை, தூய்மை. இவை வாழ்க்கையின் எந்தெந்த இடங்களில் செயலாக வேண்டும் என்பதைப் பிற கல்வெட்டுகள் விரிக்கின்றன.

வீடும் வேலையாட்களும்: மக்கள் நோய் வந்தபோதும், மகனுக்கோ மகளுக்கோ திருமணம் நடக்கும்போதும், குழந்தை பிறக்கும்போதும், பயணம் புறப்படும்போதும் பலவகை மங்கலச் சடங்குகள் செய்கின்றனர் என்று 9ஆம் பெரும்பாறைக் கல்வெட்டு கூறுகிறது. சடங்குகள் செய்யப்படட்டும், ஆனால் அவற்றின் பயன் சிறிது என்பது அரசரின் கருத்து. அடிமைகளையும் கூலியாட்களையும் முறையாக நடத்துதல், ஆசிரியரை மதித்தல், உயிர்களிடம் கட்டுப்பாட்டுடன் நடந்துகொள்ளுதல், துறவிகளுக்கும் அந்தணர்க்கும் ஈதல் ஆகியனவே பெரும்பயன் தரும் மங்கலம் என்று அவர் அறிவிக்கிறார். சிகாலனின் திசை வணக்கத்துக்குப் புத்தர் செய்ததைப் போலவே, வழக்கத்தில் உள்ள சடங்கு என்ற சொல்லை எடுத்து அதற்கு அறப்பொருள் தரும் முறை இது. இதைத் தந்தை, மகன், உடன்பிறந்தார், எசமானர், நண்பர், அண்டைவீட்டார் ஆகியோர் ஒருவருக்கொருவர் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று 11ஆம் கல்வெட்டு கேட்டுக்கொள்கிறது. செலவையும் சேமிப்பையும் அளவோடு வைத்துக்கொள்வதும் நல்லது என்கிறது 3ஆம் கல்வெட்டு.

சமையலறையும் விலங்குகளும்: 1ஆம் பெரும்பாறைக் கல்வெட்டு அரண்மனைச் சமையலறையிலிருந்து தொடங்குகிறது. முன்பு குழம்புக்காக நாள்தோறும் பல நூறாயிரம் உயிர்கள் கொல்லப்பட்டன என்று கூறும் அரசர், இக்கல்வெட்டு எழுதப்படும்போது இரண்டு மயில்களும் ஒரு மானுமாக மூன்று உயிர்களே கொல்லப்படுகின்றன என்கிறார். மான்கூட எப்போதும் இல்லை என்றும், இம்மூன்றும் இனிமேல் கொல்லப்படமாட்டா என்றும் சேர்க்கிறார். முழுமையாக நிறுத்திவிட்டதாகப் பெருமை பேசாமல், எதுவரை வந்துள்ளோம் என்று கணக்குச் சொல்லும் நேர்மை இதில் உள்ளது. வேட்டைக்குச் செல்லும் அரசப் பயணங்களை விடுத்து, மக்களையும் முதியோரையும் துறவிகளையும் சந்திக்கும் தம்ம யாத்திரைகளை மேற்கொண்டதாக 8ஆம் கல்வெட்டு தெரிவிக்கிறது.

முடிசூடி 26 ஆண்டுகளுக்குப் பின் பொறிக்கப்பட்ட 5ஆம் தூண் கல்வெட்டில் விலங்கு காப்பு விதிகள் விரிவாக உள்ளன. கிளி, மைனா, வௌவால், ஆமை, முள்ளம்பன்றி, அணில் உள்ளிட்ட பல உயிர்களைக் கொல்லக்கூடாது. சினையாக உள்ள அல்லது பால் கொடுக்கும் ஆடு, பன்றி ஆகியவற்றையும், ஆறு மாதம் நிறையாத அவற்றின் குட்டிகளையும் கொல்லக்கூடாது. சேவல்களுக்கு விதை நீக்கக்கூடாது. உயிரினங்கள் தங்கியுள்ள உமியைக் கொளுத்தக்கூடாது. தேவையின்றிக் காட்டுக்குத் தீ வைக்கக்கூடாது. குறிப்பிட்ட நாட்களில் மீன் பிடிக்கவோ விற்கவோ கூடாது. குறிப்பிட்ட நாட்களில் குதிரைக்கும் மாட்டுக்கும் சூட்டுக்குறி இடக்கூடாது. உழவரும் மேய்ப்பரும் மீனவரும் நாள்தோறும் செய்யும் வேலைகளை அறிந்தவர்களே இப்படிப்பட்ட விதிகளை எழுதியிருக்க முடியும்.

சாலையும் மருந்தும்: மனிதருக்கும் விலங்குகளுக்கும் தனித்தனியே இருவகை மருத்துவ ஏற்பாடுகள் செய்யப்பட்டதாக 2ஆம் பெரும்பாறைக் கல்வெட்டு கூறுகிறது. மருந்து மூலிகைகளும் வேர்களும் கனிகளும் இல்லாத இடங்களுக்கு அவற்றைக் கொண்டுவந்து நடச்செய்தனர். சாலையோரங்களில் கிணறுகள் வெட்டப்பட்டன, மரங்கள் நடப்பட்டன. 7ஆம் தூண் கல்வெட்டு இவற்றோடு ஆலமர நிழலையும், மாந்தோப்புகளையும், தங்கும் இடங்களையும், தண்ணீர்ப் பந்தல்களையும் சேர்த்துச் சொல்கிறது. நிழலும் நீரும் மனிதருக்கு என்று மட்டும் சொல்லாமல், விலங்குகளுக்கும் என்று இணைத்தே கூறுவது கவனிக்கத்தக்கது. இப்போது அலகாபாத்தில் உள்ள தூணில் அசோகரின் இரண்டாம் அரசியும் தீவரனின் தாயுமான காருவாகி வழங்கிய மாந்தோப்பு, பூங்கா, அறச்சாலை ஆகியவை அவர் பெயரிலேயே பதிவு செய்யப்பட வேண்டும் என்ற ஆணையும் உள்ளது.

சிறையும் நீதியும்: தம்மத்தைக் கவனிக்க அசோகர் தாம் முடிசூடி 13 ஆண்டுகள் ஆனபின் தம்ம மகாமாத்திரர் என்ற அதிகாரிகளை நியமித்தார். சிறைப்பட்டவர்களுள் குழந்தைகளை உடையவர், முதியவர் போன்றோரைக் கண்டறிந்து உதவுவது அவர்களின் பணிகளுள் ஒன்று என்று 5ஆம் பெரும்பாறைக் கல்வெட்டு கூறுகிறது. 26 ஆண்டுகளில் 25 முறை கைதிகள் விடுவிக்கப்பட்டதாக 5ஆம் தூண் கல்வெட்டு குறிப்பிடுகிறது. விசாரணையிலும் தண்டனையிலும் எல்லோருக்கும் ஒரே சீரான முறை இருக்க வேண்டும் என்று 4ஆம் தூண் கல்வெட்டு வலியுறுத்துகிறது.

கலிங்கத்தில் தௌலி, ஜௌகட ஆகிய இடங்களில் மட்டும் போர்த்துயர் பற்றிய 13ஆம் கல்வெட்டு பொறிக்கப்படவில்லை. அதற்கு மாறாக அங்கு இரு தனிக் கல்வெட்டுகள் உள்ளன. மக்கள் அனைவரும் தம் பிள்ளைகள் என்று அரசர் அங்கு கூறுகிறார். காரணமின்றிச் சிலர் சிறைப்படுத்தப்படுகின்றனர் என்பதையும் ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார். அதிகாரிகள் நடுநிலை தவறுவதற்கான ஏழு குறைகளை அவர் பட்டியலிடுகிறார்: பொறாமை, எளிதில் சினம் கொள்ளுதல், கொடுமை, அவசரம், பழக்கமின்மை, சோம்பல், களைப்பு. கொடிய மனத்தால் மட்டுமன்றி, அவசரத்தாலும் களைப்பாலும்கூட ஒருவர் பிறருக்குத் தீங்கு செய்துவிடலாம் என்ற இந்தக் கணிப்பு, அலுவலக மேசையின் முன் காத்து நின்றவர் எவருக்கும் எளிதில் புரியும்.

சொல்லில் கட்டுப்பாடு: 12ஆம் பெரும்பாறைக் கல்வெட்டு எல்லாச் சமயத்தாரையும் மதிக்க வேண்டும் என்கிறது. அதன் வேர் நாவடக்கம் என்று அரசர் கூறுகிறார். தகுந்த காரணமின்றித் தம் சமயத்தைப் புகழ்ந்து பிறர் சமயத்தை இகழ்பவர், தம் சமயத்துக்கே மிகுந்த தீங்கு செய்கிறார் என்பது அவர் தரும் காரணம். ஒருவர் மற்றவரின் நெறியைக் காதுகொடுத்துக் கேட்பதே நல்லது என்றும் அதில் கூறப்படுகிறது.

செய்தி மக்களைச் சென்றடைந்த வழி

எழுதப் படிக்கத் தெரிந்தவர் மிகக் குறைவாக இருந்த காலத்தில் கல்வெட்டு மட்டும் போதுமானதன்று. குறிப்பிட்ட நாட்களில், குறிப்பாகத் திஷ்ய நட்சத்திர நாளில், இச்செய்திகள் மக்கள் கேட்கும்படி படிக்கப்பட வேண்டும் என்றும், இடையிடையே ஒருவருக்காகவும் படிக்கப்படலாம் என்றும் கலிங்கத் தனிக் கல்வெட்டுகள் கூறுகின்றன. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அதிகாரிகள் சுற்றுப்பயணம் செய்தனர்.

மொழியும் இடத்துக்கேற்ப மாறியது. பெரும்பாலான கல்வெட்டுகள் பிராகிருத மொழியில் பிராமி எழுத்தில் உள்ளன. வடமேற்கில் சாபாஸ்கரி, மான்சேரா ஆகிய இடங்களில் கரோஷ்டி எழுத்து பயன்பட்டது. ஆப்கானித்தானின் காந்தகாரில் 1958இல் கண்டறியப்பட்ட கல்வெட்டு கிரேக்கத்திலும் அரமேயத்திலும் உள்ளது. ஆந்திரத்தின் கர்னூல் பகுதியில் உள்ள எர்ரகுடியின் சிறுபாறைக் கல்வெட்டு, யானைப் பாகர், எழுத்தர், தேரோட்டிகளைப் பயிற்றுவிப்போர், அந்தணர் ஆகியோர் தத்தம் மாணவர்களுக்கு இந்நெறியைக் கற்பிக்க வேண்டும் என்கிறது. அறத்தைக் கற்பிக்கும் இடமாகத் தொழில் பழகும் இடத்தையே அரசு தேர்ந்தெடுத்தது.

தம்மத்தின் எல்லைகள்

அசோகரின் கருணைக்கு வரம்புகள் இருந்தன. அவற்றையும் கல்வெட்டுகளே காட்டிக்கொடுக்கின்றன. அடிமைகளை நன்றாக நடத்தச் சொன்ன அரசர் அடிமை முறையை நீக்கவில்லை. கலிங்கத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்ட 1,50,000 பேர் திருப்பி அனுப்பப்பட்டதாக எக்கல்வெட்டிலும் செய்தி இல்லை. மரண தண்டனை நீடித்தது. தண்டனை விதிக்கப்பட்டவருக்கு மூன்று நாள் தவணை மட்டும் தரப்பட்டது. அந்நாட்களில் உறவினர் முறையிடலாம், அல்லது அவர் மறுமைக்காகத் தானமும் நோன்பும் மேற்கொள்ளலாம்.

காட்டுவாழ் மக்களிடம் அரசர் பேசும் தொனியும் வேறு. மன்னிக்கத்தக்கதை மன்னிப்பேன் என்று கூறும் 13ஆம் கல்வெட்டு, வருந்தும் நிலையிலும் தண்டிக்கும் ஆற்றல் தமக்கு உண்டு என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறது. வேட்டையையும் மீன்பிடிப்பையும் நம்பி வாழ்ந்தவர்களுக்கு விலங்கு காப்பு விதிகள் சுமையாகவும் இருந்திருக்கும். தம்ம மகாமாத்திரர் அறத்தை ஊக்குவிப்பவராக மட்டுமன்றி, மக்களின் வாழ்வை அரசு கண்காணிக்கும் கருவியாகவும் அமைந்திருக்கக்கூடும் என்று கருத இடமுண்டு.

விதியும் மனமாற்றமும்

கருணையை ஆணையால் உண்டாக்க முடியுமா என்ற கேள்வியை அசோகரே இறுதியில் எதிர்கொண்டார். முடிசூடி 27 ஆண்டுகளுக்குப் பின் பொறிக்கப்பட்ட 7ஆம் தூண் கல்வெட்டு அவருடைய நீண்ட முயற்சிகளின் தொகுப்புரையாக அமைந்துள்ளது. மரம் நட்டதையும் கிணறு வெட்டியதையும் கூறிவிட்டு, இவை சிறிய நன்மைகளே, முந்தைய அரசர்களும் இவற்றைச் செய்துள்ளனர் என்கிறார். மக்கள் தம்மத்தைப் பின்பற்ற வேண்டும் என்பதற்காகவே தாம் இவற்றைச் செய்ததாகக் கூறுகிறார்.

தம்மம் வளர இரு வழிகள் உள்ளன என்று அதில் அவர் விளக்குகிறார். ஒன்று விதி, மற்றொன்று சிந்திக்கச் செய்து மனம் இணங்க வைத்தல். இன்னின்ன உயிர்களைக் கொல்லக்கூடாது என்பது போன்ற விதிகள் பலவற்றைத் தாம் இயற்றியதாகக் கூறும் அவர், விதியால் விளைந்தது சிறிது, மனமாற்றத்தால் விளைந்ததே பெரிது என்று முடிவு செய்கிறார். ஓராண்டுக்கு முன்புதான் கிளி முதல் ஆடு வரை காக்கும் நீண்ட விதிகளை வெளியிட்ட அரசர் எழுதிய சொற்கள் இவை. பேரரசின் அதிகாரம் முழுவதையும் கையில் வைத்திருந்தவர் அதன் எல்லையை அறிந்து சொன்னதால் இவற்றுக்குத் தனி எடை உண்டு.

விதிகள் தேவையற்றவை என்று இதற்குப் பொருளில்லை. அசோகர் தம் விதிகளைத் திரும்பப் பெறவில்லை. அவசரத்திலும் களைப்பிலும் மனிதர் தவறுவர் என்பதை அறிந்திருந்ததால் விதியும் அதிகாரியும் வேண்டியிருந்தன. ஆனால் விதி ஒருவரின் கையைத் தடுக்கலாம். நோயாளியின் அருகில் அருவருப்பின்றி அமரும் மனத்தை அதனால் தர இயலாது.

ஆய்வாளர்களின் கருத்து வேறுபாடு

அசோகரின் தம்மம் பௌத்தம்தானா என்பதில் அறிஞர்கள் வேறுபடுகின்றனர். தே. ரா. பண்டார்கர் அதைப் பௌத்தத்தின் இல்லற ஒழுக்கமாகவே கண்டார். சிகாலோவாத சூத்திரத்தோடு அதற்குள்ள ஒப்புமையைச் சுட்டிக்காட்டினார். ரொமிலா தாப்பர் 1961இல் வெளியான தம் நூலில், பல இனங்களும் சமயங்களும் கலந்த பேரரசை ஒன்றிணைக்க அசோகர் உருவாக்கிய பொதுவான சமூக ஒழுக்கமாக அதை விளக்கினார். நான்கு உண்மைகள், நிர்வாணம் போன்ற பௌத்தக் கோட்பாடுகள் பொதுமக்களுக்கான கல்வெட்டுகளில் இடம்பெறாததும், பேசப்படும் பயன் சுவர்க்கமாகவே இருப்பதும் இந்தக் கருத்துக்கு வலு சேர்க்கின்றன.

இரு கருத்துகளும் ஒன்றையொன்று முழுமையாக மறுப்பவை அல்ல. பைராட் கல்வெட்டில் சங்கத்தை நோக்கிப் பேசும்போது அசோகர் தம்மைப் பௌத்தராகவே வெளிப்படுத்துகிறார். எல்லாச் சமயத்தாரையும் நோக்கிப் பேசும்போது, எவரும் ஏற்கக்கூடிய நடத்தையை மட்டும் கேட்கிறார். ஒருவர் தம் சமயத்திலிருந்து பெற்ற கருணையைப் பிறர்மீது சமயமாகத் திணிக்காமல், நடத்தையாக முன்வைத்ததற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

தமிழகமும் இலங்கையும்

தமிழகத்தில் அசோகரின் கல்வெட்டு எதுவும் கிடைக்கவில்லை. அது மௌரியப் பேரரசுக்கு வெளியே இருந்தது. ஆயினும் மருத்துவ ஏற்பாடுகள் பற்றிய 2ஆம் பெரும்பாறைக் கல்வெட்டு, எல்லைக்கு அப்பால் உள்ள சோழர், பாண்டியர், சதியபுத்திரர், கேரளபுத்திரர், தாமிரபரணி எனப்பட்ட இலங்கை ஆகியோரையும் குறிப்பிடுகிறது. இவர்களுள் சதியபுத்திரர் யார் என்ற நீண்ட விவாதத்துக்குத் திருக்கோவிலூருக்கு அருகிலுள்ள ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ்பிராமிக் கல்வெட்டு விடை தந்தது. அது அதியமான் நெடுமான் அஞ்சியைச் சதியபுத்திரர் என்று குறிப்பிடுகிறது. ஆகவே தமிழ் வேந்தர்களின் பெயர்கள் மிகப் பழைய கல்லெழுத்தில் பதிவான இடங்களுள் ஒன்று, மூலிகை நடுவதையும் கிணறு வெட்டுவதையும் பற்றிய ஓர் அறிவிப்பாகும்.

பிற்காலத் தமிழ்ப் பௌத்தக் காப்பியமான மணிமேகலை இதே அறத்தைக் கதையாக்கியது. அமுதசுரபியைக் கையில் ஏந்திய மணிமேகலை பசித்தவர்க்கு உணவளிக்கிறாள். சிறைக்குச் சென்று அங்குள்ளோரின் பசி தீர்க்கிறாள். சோழ மன்னனிடம் கேட்டுச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றச் செய்கிறாள். அசோகரின் அதிகாரிகள் ஆணையின்படி சிறைக்குச் சென்றனர். காப்பியத்தில் அரசனின் மனத்தைத் துறவியான ஓர் இளம்பெண் மாற்றுகிறாள்.

இலங்கைக்குப் பௌத்தத்தைக் கொண்டுசென்றவர் அசோகரின் மகன் மகிந்தர் என்பது மகாவம்சம் கூறும் மரபு. அவரோடு தொடர்புடைய மிகிந்தலையில் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் மருத்துவமனையின் இடிபாடுகளும், நோயாளியைக் கிடத்தும் கல் மருந்துத் தொட்டியும் இன்றும் உள்ளன. அங்குள்ள 10ஆம் நூற்றாண்டின் நான்காம் மகிந்தன் கல்வெட்டு, விகாரையில் பணிபுரிந்தோருக்கு உரிய ஊதியத்தை விரிவாக வரையறுக்கிறது. நோயுற்றவரைப் பேணுதலும் வேலையாளுக்குக் கூலி தருதலும் அங்கு நிறுவனத்தின் ஒழுங்காகவே நிலைபெற்றிருந்தன.

மறைந்த எழுத்தும் நிலைத்த பழக்கமும்

அசோகருக்குப் பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டில் மௌரியப் பேரரசு மறைந்தது. காலப்போக்கில் அவருடைய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவரும் இல்லாமற் போயினர். 14ஆம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக், தோப்ராவிலிருந்து ஒரு தூணைப் பெருமுயற்சியுடன் தில்லிக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்போது எவராலும் சொல்ல முடியவில்லை. 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்தறிந்த பின்னரே அதன் செய்தி வெளிவந்தது. விதியைவிட மனமாற்றமே பெரிது என்று கூறும் 7ஆம் தூண் கல்வெட்டு முழுமையாக உள்ள ஒரே தூண் அதுவே.

கல்லில் எழுதியதைப் படிக்க ஆளில்லாத அந்த நூற்றாண்டுகளிலும், சிகாலனுக்குக் கூறப்பட்ட ஆறு திசைக் கடமைகள் இலங்கை, மியான்மர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் இல்லறத்தாரின் ஒழுக்கமாகத் தொடர்ந்து கற்பிக்கப்பட்டு வந்தன, இன்றும் கற்பிக்கப்படுகின்றன. பெற்றோர் பிள்ளைக்கும், ஆசிரியர் மாணவருக்கும், துறவி ஊராருக்கும் எடுத்துச் சொல்லியதால் அவை நிலைத்தன. தந்தையும் நண்பரும் அண்டைவீட்டாரும் ஒருவருக்கொருவர் நல்லதைச் சொல்ல வேண்டும் என்று அசோகர் 11ஆம் கல்வெட்டில் கேட்டுக்கொண்ட வழியும் அதுவே.